பக்கத்து இருக்கைப் பிரேக்

என் அக்காவுக்கு இந்த ஊரில் பாதிப் பேரைத் தெரியும். ஆனால் பக்கவாட்டில்தான் தெரியும். கடைத்தெருவில் யாராவது நேருக்கு நேர் வந்து சிரித்தால் திருதிருவென்று விழிப்பாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்பாள். அவர்களும் குழம்பிப்போய்த் திரும்புவார்கள். காது கண்ணில் பட்டதும் அக்கா முகம் மலர்ந்துவிடும். "அட, ரிவர்ஸ்ல போய் சுவரை இடிச்சவர்தானே நீங்க! நல்லா இருக்கீங்களா?" என்று கடைக்காரர், வாடிக்கையாளர் எல்லாரும் கேட்கும்படி விசாரிப்பாள். அவளோடு கடைக்குப் போவதையே நான் விட்டுவிட்டேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கற்றுக்கொள்கிறவர் ஓட்டுநர் இருக்கையில் வியர்த்து வழிந்துகொண்டிருப்பார். இவள் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. யாராவது மரத்தைப் பார்த்து ஓட்டினால் வண்டி தானாக நிற்கும். ஓட்டினவர் தான்தான் நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அவள் முதலில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கார் ஓட்ட ஆசைப்பட்டு ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த ஆள் கியருக்கு ஒரு வசவு, வளைவுக்கு ஒரு வசவு என்று கணக்கு வைத்துத் திட்டுகிறவர். அக்கா தினமும் அழுத முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஆனால் நின்றுவிடவில்லை. உரிமம் வாங்கிய கையோடு, "திட்டாம ஒருத்தருக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர முடியாதா? நான் சொல்லித்தந்து காட்டறேன்" என்று வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்து நின்றாள். வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டோம். அவள் சொன்னதைச் செய்தாள். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆளைக்கூட அவள் திட்டியதில்லை. குரல்கூட உயர்ந்ததில்லை.

அவள் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் இன்னொரு பாதி நான். தொலைபேசி எடுப்பதும், நேரம் கொடுப்பதும், சொல்லாமல் மட்டம் போடுகிறவர்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பதும் என் பொறுப்பு. அக்கா யாரையும் திட்டாததால் வீட்டிலிருந்த திட்டெல்லாம் என் பங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வண்டி ஒன்றே ஒன்றுதான். சின்ன வெள்ளைக் கார். கூரையில் பள்ளியின் பலகை, பின்னால் 'பழகுநர்' என்று சிவப்பெழுத்து. அதில் பழகாத ஆளில்லை. பல் மருத்துவர் பழகினார், பூக்கடைக்காரர் பழகினார், தன் கல்யாணத்துக்குள் கற்றுக்கொண்டே தீருவேன் என்று ஒரு பெண் கையில் மருதாணியோடு வந்து பழகினாள். எல்லாரும் சேர்ந்து அந்தக் கியரைப் படுத்திய பாட்டுக்கு வேறு வண்டியாக இருந்தால் சன்னியாசம் வாங்கிக்கொண்டு போயிருக்கும். அக்கா அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எண்ணெய் மாற்ற ஒரு நாள் தாமதம் ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆனால் பயிற்சி வண்டிக்கு வயது வரம்பு என்று ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் பள்ளியில் ஓட்டக் கூடாது. புது வண்டி வந்து வாசலில் நின்றது. பழையதை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது எங்கள் அண்ணன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் எவ்வளவு எடை தேறும் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

"ஏம்மா, பயிற்சிப் பள்ளி வண்டியை எவன் வாங்குவான்?" என்றார் அண்ணன். "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கியரைப் பிடிச்சு உலுக்கின வண்டி. உள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது. என் கடைக்கு அனுப்பு, மரியாதையா நசுக்கித் தர்றேன்."

"உள்ள எல்லாம் நல்லா இருக்குண்ணா" என்றாள் அக்கா.

"நீ சொன்னா ஆச்சா?"

அந்தக் கேள்விதான் அவளைக் குத்திவிட்டது. யார் சொன்னால் ஆகும்? தகுதிச் சோதனை நிலையம் சொன்னால் ஆகும். வண்டியை விற்க வேண்டுமென்றால் எப்படியும் அங்கே போய்ச் சான்று வாங்கித்தான் ஆக வேண்டும். வண்டியை வாங்கவும் ஒரு ஆள் தயாராக இருந்தது. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றுகிற வேலை கிடைத்திருந்த ஒரு நர்ஸ். அக்காவிடம் ஓட்டக் கற்றவள். சொந்தமாக வண்டி இருந்தால்தான் அந்த வேலை நிலைக்கும். எத்தனையோ வண்டிகள் பார்த்துவிட்டு, "மத்த வண்டில எனக்குக் கியரே பிடிபட மாட்டேங்குதுக்கா. எனக்கு அந்த வெள்ளை வண்டிதான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சோதனை நிலையம் ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே நுழைந்து விளக்கு, புகை, அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து கடைசியில் பின்பக்க மைதானத்தில் வெளியே வர வேண்டும். அந்த நிலையத்தின் வழக்கப்படி வண்டியை அதிகாரி ஓட்டுவார், உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைய அதிகாரி ஒல்லியான ஆள். சிரித்தால் சம்பளம் குறைந்துவிடும் என்பதுபோல ஒரு முகம். நான் வெளியே வலைக்கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முகப்பு விளக்குகள் தேறின. புகை தேறியது. அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தவர் முகத்தில்கூட ஒரு திருப்தி தெரிந்தது. பிறகு சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றினார்கள். உருளை சுற்றும், சக்கரமும் சுற்றும், பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று சுவரில் இருக்கும் பெரிய முள் காட்டும். பெடலைத் தொடாதபோது முள் கீழே கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. பாதி வழி ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அதிகாரி தன் காலைத் தூக்கிக் காட்டினார். அப்போதும் முள் இறங்கவில்லை. பின்னால் போய்ப் பார்த்த உதவியாளர், "பிரேக் லைட்டும் அணைய மாட்டேங்குது சார்" என்று கத்தினார்.

"பிரேக் விடலை. லைட் அணையலை. வண்டி தேறலை" என்றார் அதிகாரி. "இந்த வயசு வண்டிக்கு இன்னும் ஒரு தடவைதான் வாய்ப்பு. அதிலயும் தேறலைன்னா பதிவை ரத்து பண்ணிடுவோம். நசுக்கத்தான் அனுப்பணும்."

அக்கா பேயறைந்தவள் மாதிரி இறங்கி வந்தாள். அண்ணனுக்குச் சேதி எப்படியோ போய்விட்டது. "கடைல இடம் ஒழிச்சு வெச்சுட்டேன்" என்று தொலைபேசியில் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் தொலைபேசியைத் தூக்கி எறியலாம்போல இருந்தது.

எங்கள் மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்றினார். பிரேக்கைப் பிரித்தார், துடைத்தார், மாட்டினார். விளக்குக்குப் போகும் ஸ்விட்சை மாற்றினார். "ஒரு குறையும் இல்லக்கா. பிரேக் கட்டை மட்டும் தேஞ்சிருக்கு. அதுதான் உங்க வண்டில எப்பவும் தேயுமே" என்றார். அது வாஸ்தவம். அந்த வண்டி பிரேக் கட்டையைத் தின்கிற மாதிரி வேறு எந்த வண்டியும் தின்றதில்லை. படிக்கிறவர்கள் சும்மா சும்மா மிதிக்கிறார்கள் என்று அவர்கள்மேல் பழியைப் போட்டுப் புதுக் கட்டை மாட்டிக்கொண்டிருப்போம்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று மெக்கானிக் ஏறினார். அக்கா வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில் ஏறினாள். நான் கடை வாசலில் நின்றேன். வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. நேரான தெரு, முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. பின்னால் சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. மெக்கானிக் இறங்கி வந்து, "இழுக்குதுக்கா. யாரோ பின்னால கயிறு கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவள் நிழலுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தாள். மெக்கானிக் தனியாக ஒரு சுற்றுப் போனார். வண்டி சிட்டாய்ப் பறந்தது. விளக்கும் எரியவில்லை. வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து, "சரியாயிடுச்சு, ஏறுங்கக்கா" என்றார். அக்கா ஏறினாள். விளக்கு எரிந்தது.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அக்கா இறங்கினா வண்டி நல்லா ஓடுது" என்றார் அவர், ஏதோ கெட்ட சேதி சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்.

"எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நான் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். அங்கே இருந்தது கோளாறு. செருப்பு போட்டுக்கொண்டு பிரேக்கின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"காலை எடு" என்றேன்.

"எந்தக் காலை?"

"பெடல் மேல வெச்சிருக்கியே, அந்தக் காலை."

"நான் பெடல்ல கால் வைக்கவே இல்லையே! பக்கத்துலதான் வெச்சிருக்கேன். ஆபத்துன்னா மட்டும்தான்..." என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள். அடுத்த வீட்டுப் பிள்ளை தன் வீட்டுச் சமையலறையில் நிற்பதைப் பார்ப்பதுபோல அந்தக் காலைப் பார்த்தாள். மெதுவாகத் தூக்கினாள். பின்னாலிருந்து மெக்கானிக், "அணைஞ்சிருச்சு!" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மெக்கானிக்கும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தார். பிரேக் கட்டையைத் தின்ற திருடி யாரென்று கடைசியில் தெரிந்துவிட்டதே! ஆனால் அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? காரணம் தெரிஞ்சுபோச்சு. சந்தோஷப்படேன்" என்றேன்.

"இத்தனை வருஷமும் என் கால் அதுலயேதான் இருந்திருக்கு" என்றாள். "அப்ப என்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் தானா ஓட்டவே இல்லையா? நான்தான் ஓட்டினேனா?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அண்ணன் வண்டியைப் பழித்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இது வேறு. தன் வாழ்நாள் வேலையே பொய்யோ என்று அவள் பயந்துவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று ஒரு போடு போட்டேன். "உரிமத் தேர்வன்னிக்கு வண்டியில யார் இருந்தா? நீயா? நீ வெளில நின்னு நகத்தைக் கடிச்சிட்டு இருந்தே. அவங்களேதான் ஓட்டித் தேறினாங்க."

"அது ஒரு நாள் கூத்து. பயத்துல எப்படியோ ஓட்டிடுவாங்க" என்றாள். "எனக்கு நிச்சயமாத் தெரியல." அதற்குமேல் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது இருக்கட்டும். முதல்ல வண்டி தேறணும். அந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றாள்.

அந்தப் பெடலைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கூடாதாம். சான்று கிடைக்கும்வரை அது கணக்கில் பயிற்சி வண்டிதான். பக்கத்துப் பிரேக் இருக்க வேண்டும், அதையும் அதிகாரி சோதிப்பார். அக்கா பக்கத்தில் உட்கார வேண்டும், சொல்லும்போது மட்டும் மிதிக்க வேண்டும், மற்ற நேரம் காலை அடக்கி வைத்திருக்க வேண்டும். அத்தனை வருஷம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் இப்போது தன் காலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

சரக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது. அங்கே போய்ப் பழகினோம். நான் ஓட்டினேன். எனக்கும் அவளிடம் கற்று வாங்கிய உரிமம் இருக்கிறது, ஆனால் என் ஓட்டத்தைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறவர்கள் யாருமில்லை. முதலில் காலைப் பின்னுக்கு மடக்கி வைத்துப் பார்த்தாள். இரண்டு வளைவுக்குள் கால் முன்னால் வந்துவிட்டது. செருப்பு வாரை இருக்கையின் கம்பியில் கட்டினோம். வார் அறுந்தது. கடைசியில் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, இருக்கையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அது பலித்தது.

கால்தான் அடங்கியது. அதற்குப் பதிலாக வாய் திறந்துகொண்டது. "ஏய் ஏய் ஏய்! சுவர்! சுவர்டி! கண்ணு இருக்கா இல்லையா!" என்று அவள் அலறிய அலறலில் கிடங்குக் காவல்காரர் ஓடி வந்தார். குரலே உயர்த்தாத ஆசிரியை என்று பெயர் வாங்கியவள் அவள்! அந்தப் பெயரில் பாதி காலுக்குச் சேர வேண்டியது என்று அன்று எனக்கு விளங்கியது. பிறந்ததிலிருந்து அவளை அப்படிப் பார்க்காத எனக்கோ ஒரே கொண்டாட்டம். வேண்டுமென்றே சுவர்ப்பக்கம் இன்னும் ஒரு சுற்றுப் போனேன்.

இரண்டாம் சோதனைக்கு நர்ஸும் எங்களோடு வந்தாள். அடுத்த நாளே வேலையில் சேர வேண்டும். வலைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, நகமே மிச்சம் இல்லாமல் கடித்துக்கொண்டிருந்தாள். இன்று தேறாவிட்டால் வண்டி அண்ணன் கடைக்கு, இவள் வேலை காற்றில், அக்கா என்ன ஆவாள் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அதே அதிகாரி, அதே முகம். கதவைத் திறந்தவர், பக்கத்து இருக்கையில் அக்கா தியானம் செய்வதுபோலச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றார்.

"ஏம்மா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"முட்டி வலி சார்" என்றாள் அக்கா, கண் இமைக்காமல், முகம் மாறாமல். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். எங்கிருந்துதான் வந்ததோ!

உருளை சுற்றியது. சுவரில் முள் கீழே கிடந்தது. அசையவில்லை. அதிகாரி மிதித்தார், ஏறியது. விட்டார், கல் விழுந்த மாதிரி இறங்கியது. "லைட் அணையுது சார்!" என்றார் உதவியாளர். நான் நர்ஸின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

மிச்சம் இருந்தது மைதானத்து ஓட்டம். நல்ல வேகத்தில் வந்து, வெள்ளைக் கோட்டருகே சட்டென்று நிறுத்த வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் போச்சு. அதிகாரி வேகமெடுத்தார். அப்போதுதான் அது நடந்தது. மைதானத்தின் ஓரம் சோதனைக்காகக் காத்திருந்த ஒரு வேன், ஓட்டுநர் இறங்கித் தேநீர் வாங்கப் போயிருந்த சமயம், கைப்பிரேக் சரியாகப் போடாததால் தானாக உருண்டு குறுக்கே வரத் தொடங்கியது. அதிகாரியின் கண் அந்த நொடி வேகம் காட்டும் முள்ளில் இருந்தது. நான் கத்தினேன். வலைக்கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தி என்ன பயன்?

பிரேக் அக்காவின் இருக்கைக்கு முன்னால் கீழேதான் இருந்தது. மடித்த காலைப் பிரித்து இறக்க நேரமில்லை.

"நிறுத்துடா!"

அந்தக் குரல் கொட்டகையின் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அதிகாரி யோசிக்கவில்லை. வீட்டில் அம்மா கூப்பிட்ட மாதிரி அவர் கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது. வரிசையில் நகர்ந்துகொண்டிருந்த மற்ற வண்டிகளும் நின்றன. தேநீர்க் குவளையோடு வந்த வேன்காரரும் நின்றார். எங்கள் வெள்ளை வண்டி இம்மி வளையாமல், வால் ஆடாமல், நட்டு வைத்த மாதிரி நின்றது. வேன் அதன் மூக்குக்கு முன்னால் ஆடி அசைந்து கடந்துபோய் மணல் மேட்டில் முட்டிக்கொண்டது.

அதிகாரி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும்.

"சார், மன்னிச்சுக்குங்க சார். அவசரத்துல 'டா' போட்டுட்டேன்."

அவர் இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போய்த் தரையைப் பார்த்தார். மண்ணில் சக்கரத் தடம் இரண்டும் அளவுகோல் வைத்து இழுத்த கோடுபோல நேராக இருந்தன. குனிந்து ஒரு தடவை பார்த்தார். உதவியாளரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பக்கத்துப் பிரேக் ஒண்ணுதான் பாக்கி. நான் மெதுவாப் போறேன். சொன்னதும் நீங்க மிதிங்க" என்றார்.

அக்கா காலைப் பிரித்து இறக்கினாள். முகம் கோணியது. "ஒரு நிமிஷம் சார்" என்றாள். சம்மணம் போட்டே இருந்ததில் கால் மரத்துப்போய்விட்டது! வருஷக்கணக்காகக் கேட்காமலே வேலை செய்த கால், கேட்கும்போது கட்டைபோலக் கிடந்தது. தொடையில் தட்டினாள், கிள்ளினாள். "ம், மிதிங்க" என்றார் அதிகாரி. அக்கா இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்துத் தூக்கி, பாதத்தைப் பெடலின் மேல் வைத்து, மேலிருந்து ஒரு அழுத்து அழுத்தினாள். வண்டி நின்றது. அதிகாரியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு பல் தெரிந்தது.

"முட்டி வலின்னுதானே சொன்னீங்க?" என்றார்.

"இப்ப அதுவும் வந்துடுச்சு சார்."

அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கண்ணாடியின் மூலையில் புதுத் தகுதிச் சான்று வில்லையை ஒட்டும்போது, "இத்தனை பேர் கைபட்ட வண்டியை இவ்வளவு நல்லா நான் பார்த்ததில்லம்மா. வெச்சிருந்தா இப்படி வெச்சிருக்கணும்" என்றார்.

அக்கா கைப்பையைத் துழாவித் தொலைபேசியை எடுத்தாள். அண்ணன் எண்ணைப் போட்டாள். "சார், இப்ப சொன்னீங்களே, அதையே இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா" என்று அவர் வாயருகே நீட்டினாள். அவர் தயங்கினார். இருந்தாலும் சொன்னார், வார்த்தை பிசகாமல் சொன்னார். அப்புறம் அண்ணன் குரல் வந்தது. "சரிம்மா... என் வண்டியையும் கொஞ்சம் வந்து பாரேன். ரொம்ப நாளா என்னமோ சத்தம் வருது." எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதித்தேன். யார் பார்த்தால் என்ன?

நர்ஸ் வாசலுக்கு ஓடி வந்தாள். வண்டியை நேராக மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்துப் பெடல்களைக் கழற்றியதும் அவள் பேரில் மாற்றிக்கொள்ளலாம். அக்கா சாவியை அவள் கையில் வைத்தாள்.

"ஏறுங்கக்கா, போலாம்" என்றாள் நர்ஸ்.

அக்காவின் கை பக்கத்துக் கதவில் இருந்தது. திறந்தும்விட்டாள். ஒரு காலை உள்ளே வைக்கப் போனவள் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"நீ போ" என்றாள்.

"தனியாவாக்கா?" நர்ஸின் முகம் வெளிறிவிட்டது. "மெயின் ரோடு, லாரியெல்லாம் வருது. உரிமம் வாங்கினதுக்கு அப்புறம் நான் தனியா ஓட்டினதே இல்ல."

"தெரியும். தனியாத்தான் போகணும். நாளைக்குக் கட்டு மாத்தப் போற வீட்டுக்கெல்லாம் நான் வர முடியுமா?"

நர்ஸ் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை நகர்த்தினாள், கண்ணாடியைத் திருப்பினாள், இருக்கைப் பட்டையை மாட்டினாள். வண்டி குலுங்காமல் கிளம்பியது. வாசலில் ஒரு லாரிக்காக நின்றது. இன்னொரு லாரிக்கும் நின்றது. அக்கா இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தமாக ஊன்றிக்கொண்டு நின்றாள். இடைவெளி வந்தது. நர்ஸ் சாலையில் ஏறினாள், அழகாக வளைந்தாள், கியர் மாறும் சத்தம் ஒரு முரண்டும் இல்லாமல் கேட்டது. ஒரு சைக்கிள்காரருக்கு இடம்விட்டு ஒதுங்கி, பேருந்தைத் தாண்டி, நிதானமாக, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

வண்டி கண்ணுக்கு மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, வாயோ காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

"நல்லா ஓட்டுதே அந்தப் பொண்ணு" என்றார் வாசல் காவலாளி.

"நல்லாத்தான் ஓட்டுவா" என்றாள் அக்கா, சாலையில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும் குரலில். "என்கிட்ட கத்துக்கிட்டவ!"